தோட்டக் குளத்தில் குளிர்தாங்கும் அல்லியைப் பூக்க வைப்பது எப்படி?

புதிதாக அல்லி வளர்ப்பவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: இலை குளம் நிறையப் படர்ந்திருக்கிறது, பூவைத்தான் காணோம். செடி வாடியிருக்காது, நோய்ப்பட்டதாகவும் தெரியாது. பளபளவென்று வட்ட இலைகளை விட்டுக்கொண்டே இருக்கும். தண்ணீரில்தான் ஏதோ கோளாறு என்று எண்ணி நீரை மாற்றுவார்கள், மருந்து ஊற்றுவார்கள், நீரூற்று வைத்துப் பார்ப்பார்கள். கோளாறு அநேகமாக அங்கே இருக்காது. நீருக்கு அடியில், தொட்டி மண்ணில் கிடைமட்டமாகப் படுத்திருக்கும் கிழங்கைத்தான் கவனிக்க வேண்டும்.

நாம் கிழங்கு என்று சொல்வது உண்மையில் தரைக்குள் ஊர்ந்து வளரும் தண்டு. அதன் ஒரு முனையில் குருத்து இருக்கும். அந்தக் குருத்தைச் சுற்றிச் சுருள் வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக இலைகள் கிளம்பும். இடையிடையே, இலை வர வேண்டிய இடத்தில் மொட்டு வரும். இதைப் புரிந்துகொண்டால் அல்லி வளர்ப்பில் பாதி வேலை முடிந்தது. வெயிலும் சத்தும் இடமும் தாராளமாகக் கிடைக்கும் கிழங்கு அடிக்கடி மொட்டு விடும். அவற்றில் ஒன்று குறைந்தாலும் இலையோடு நிறுத்திக்கொள்ளும். ஆகவே இந்தக் கட்டுரையில் சொல்லும் ஒவ்வொரு வேலையும் கிழங்கைக் கொழுக்க வைக்கும் வேலைதான்.

கையில் இருப்பது எந்த அல்லி?

அல்லியில் தோட்டக்காரர்கள் இரண்டு பெரும் பிரிவு பார்ப்பார்கள். ஒன்று குளிர்தாங்கும் வகை. மற்றொன்று வெப்பமண்டல வகை. குளிர்தாங்கும் வகையின் பூ நீர்ப்பரப்பின் மீதே மிதக்கும் அல்லது சற்றே தலைதூக்கி நிற்கும். இலையின் விளிம்பு வழவழப்பாக இருக்கும். வெப்பமண்டல வகையின் பூவோ நீண்ட காம்பில் நீருக்கு மேலே நன்றாக உயர்ந்து நிற்கும். பல ரகங்களில் இலை விளிம்பு பல் பல்லாக இருக்கும். நீலப் பூ வேண்டும் என்று ஆசைப்பட்டால் வெப்பமண்டல வகையைத்தான் நாட வேண்டும். குளிர்தாங்கும் வகையில் வழக்கமாகக் கிடைப்பவை வெள்ளை, இளஞ்சிவப்பு, சிவப்பு, மஞ்சள், பின்னர் பூத்த நாள் ஏற ஏற நிறம் மாறும் சில செம்மஞ்சள் ரகங்கள்.

நிலவைக் கண்டு மலரும் அல்லி என்று கவிதைகளில் படித்து வளர்ந்தவர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். இரவில் மலர்வது வேறு இனம். குளிர்தாங்கும் அல்லி முற்பகலில் விரிந்து, பிற்பகலில் மூடிக்கொள்ளும். வேலைக்குப் போய் மாலையில் வீடு திரும்புகிறவர்கள் மூடிய பூவை மொட்டு என்று நினைத்து, "இன்னும் விரியவே இல்லை" என்று வருந்துவதும் உண்டு. முதலில் ஒரு விடுமுறை நாளில் காலை பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள்.

இன்று உலகெங்கும் வளர்க்கப்படும் வண்ண ரகங்கள் பலவற்றின் மூலம் பிரான்சில் இருக்கிறது. ஜோசப் போரி லத்தூர்-மார்லியாக் என்பவர் அங்கே தெம்பிள்-சூர்-லோ என்ற ஊரில் 1875இல் அல்லிப் பண்ணை தொடங்கி, குளிர்தாங்கும் வெள்ளை அல்லிகளோடு பிற நிற அல்லிகளைக் கலந்து புதிய ரகங்களை உண்டாக்கினார். 1889 பாரிஸ் கண்காட்சியில் அவை காட்சிக்கு வந்தன. ஓவியர் கிளாட் மோனே தம் தோட்டக் குளத்துக்கு அல்லி வாங்கியதும் இவரிடம்தான். மார்லியாக்கின் மஞ்சள் ரகமான குரோமடெல்லா இன்றும் நம்பி வாங்கத்தக்கது. வெயில் சற்றுக் குறைந்த குளத்திலும் பூப்பது அதன் தனிச்சிறப்பு. கிண்ணம் போன்ற ரோஜாச் சிவப்புப் பூவிடும் ஜேம்ஸ் பிரைடனும் அப்படித்தான். சிறு தொட்டிக்கு ஹெல்வோலா பொருந்தும். கைக்கடக்கமான மஞ்சள் பூ, புள்ளியிட்ட சின்ன இலை. அட்ராக்‌ஷன் என்ற சிவப்பு ரகம் முதல் ஆண்டில் வெளிறிய பூக்களைத் தந்து, வேர் ஊன்றிய பிறகே முழு நிறத்தைக் காட்டும். அதை வாங்கியவர்கள் தவறான செடியைக் கொடுத்துவிட்டார்கள் என்று அவசரப்பட வேண்டாம்.

ரகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நிறத்தைவிடப் படரும் அளவை முதலில் கேளுங்கள். பெரிய குளத்துக்கான ரகத்தைச் சிறு தொட்டியில் அடைத்தால் இலைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, வெயில் கிடைக்காமல், பூ நின்றுவிடும்.

வெயிலும் அசையாத நீரும்

நேரடி வெயில் நாளுக்கு 6 மணி நேரமாவது விழ வேண்டும். இதைவிடக் கூடினால் இன்னும் நல்லது. குரோமடெல்லா போன்ற ரகங்கள் 4 மணி நேரத்திலும் ஒப்பேற்றும்; ஆனால் பூவின் எண்ணிக்கை குறையும். குளம் வெட்டும் முன்பே, காலை முதல் மாலை வரை மணிக்கொரு தடவை அந்த இடத்தில் வெயில் இருக்கிறதா நிழல் இருக்கிறதா என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பூ விரிந்திருக்கும் நேரமான முற்பகல் முதல் பிற்பகல் வரையிலான வெயில்தான் முக்கியம். குளம் ஏற்கெனவே மர நிழலில் இருந்தால், உரமோ மருந்தோ அதற்கு ஈடாகாது. கிளையைக் கழிக்க வேண்டும். முடியாவிட்டால் வெயில் விழும் மூலைக்குத் தொட்டியை நகர்த்த வேண்டும்.

அடுத்தது நீரின் அசைவு. அல்லி குளத்துச் செடி, ஆற்றுச் செடி அல்ல. பெரும்பாலான தாவரங்களில் மூச்சுத்துளைகள் இலையின் அடிப்பக்கம் மிகுதியாக இருக்கும். மிதக்கும் அல்லி இலையிலோ அவை மேல்பக்கத்தில் இருக்கின்றன, அடிப்பக்கம் நீரைத் தொட்டுக்கொண்டிருப்பதால். மேல்பக்கத்தில் ஓயாமல் நீர் தெறித்துப் படலமாக நின்றால் அந்தத் துளைகள் அடைபடும். காம்பை ஒருமுறை குறுக்கே வெட்டிப் பாருங்கள்: உள்ளே நீளவாக்கில் ஓடும் காற்றுக் குழாய்களின் வாய்கள் துளைத் துளையாகத் தெரியும். காற்றே இல்லாத சேற்றில் கிடக்கும் கிழங்குக்கு இலைதான் இந்த வழியே காற்றை அனுப்புகிறது. இலைக்கு வரும் தொல்லை கிழங்கையும் போய்ச் சேரும் என்பது இதனால்தான். நீரூற்றும் அருவியும் வேண்டும் என்பவர்கள் அவற்றைக் குளத்தின் ஒரு கோடியில் வைத்து, நீர்த்துளி எட்டாத மறுகோடியில் அல்லியை வைக்கலாம்.

தொட்டியும் மண்ணும்

குளத்தின் தரையிலேயே மண் பரப்பி நடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உரமிடுவது, பிரித்து நடுவது, ஆழத்தை மாற்றுவது என எல்லாமே பெரும்பாடாகிவிடும். தொட்டியில் நட்டு, தொட்டியைக் குளத்தில் இறக்குவதே தொடக்கக்காரர்களுக்கு நல்லது.

கிழங்கு பக்கவாட்டில் ஊர்வது. எனவே தொட்டி ஆழமானதாக இருப்பதைவிட அகலமானதாக இருக்க வேண்டும். நடுத்தர ரகத்துக்கு 35 முதல் 40 செ.மீ. அகலமும் 20 செ.மீ. ஆழமும் போதும். அடியில் துளை இல்லாத தொட்டியே நல்லது. துளை இருந்தால் மண்ணும் உரமும் குளத்து நீரில் கசியும், வேரும் வெளியே ஓடிவிடும்.

மண்ணில்தான் பலரும் இடறுகிறார்கள். தரையில் வளரும் செடிகளுக்காகக் கடைகளில் விற்கும் தொட்டிக் கலவை அல்லிக்கு ஆகாது. அதில் இருக்கும் மக்கு, நார்க்கழிவு, பெர்லைட் என்ற வெள்ளை நிற இலேசான துகள் எல்லாம் மிதந்து மேலே வரும். மிதக்காமல் தங்குவது காற்றில்லாத இடத்தில் அழுகி, வேரையும் அழுகச் செய்து, நீரைக் கலக்கிவிடும். பசுந்தொழுவுரமும் வேண்டாம். அல்லிக்கு வேண்டியது கனமான, களி மிகுந்த சாதாரணத் தோட்டமண். ஒரு பிடி ஈரமண்ணை எடுத்து உருட்டுங்கள். உருண்டை உடையாமல் நின்றால் அந்த மண் போதும். களிமண் சத்தைப் பிடித்து வைத்திருந்து வேருக்குக் கொடுக்கும். மணலுக்கு அந்தத் திறன் குறைவு. கல், குச்சி, பழைய வேர் இவற்றைப் பொறுக்கிவிட்டு, பூச்சிக்கொல்லியோ களைக்கொல்லியோ படாத இடத்து மண்ணாகப் பார்த்து எடுங்கள்.

நடும் முறை

கிழங்கை வாங்கி வந்ததிலிருந்து நட்டு முடிக்கும்வரை அது உலரக் கூடாது. நிழலில், ஈரத்துணி சுற்றி வையுங்கள். முதலில் கிழங்கை நீரில் அலசி, விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருக்க வேண்டும். மெத்தென்று அமுங்கும் பகுதி, கறுத்து நாற்றம் வீசும் பகுதி இருந்தால் கெட்டியான, நிறம் மாறாத சதை தெரியும்வரை கூரிய கத்தியால் வெட்டி எறியுங்கள். குருத்தே அழுகியிருந்தால் அந்தக் கிழங்கை நடவே வேண்டாம். குளத்தில் இருக்கும் மற்ற அல்லிக்கும் அழுகல் பரவக்கூடும். பழைய நீண்ட வேர்களையும் பழுத்த இலைகளையும் கழித்துவிட்டு, இளம் இலைகளை மட்டும் விட்டுவையுங்கள்.

தொட்டியில் முக்கால் பங்கு மண் நிரப்பி, நீர் ஊற்றிப் பிசைந்து அழுத்துங்கள். இனி கிழங்கு. வெட்டுப்பட்ட பின்முனை தொட்டியின் சுவரை ஒட்டியும், குருத்து தொட்டியின் நடுவை நோக்கியும் இருக்க வேண்டும். அப்போதுதான் கிழங்குக்கு ஊர்ந்து வளர முழுத் தொட்டி அகலமும் கிடைக்கும். நடுவில் நட்டால் பாதி இடம் வீண். பின்முனை சற்றுத் தாழ்ந்தும் குருத்து உயர்ந்தும் இருக்கும்படி சாய்வாக வைத்து, மண்ணைத் தள்ளி மூடுங்கள். குருத்து மட்டும் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். குருத்தைப் புதைத்துவிடுவது புதியவர்கள் செய்யும் தவறுகளில் மிகவும் கெடுதலானது. புதைந்த குருத்து மெல்ல அழுகும்; நமக்கோ மேலே இருந்து ஒன்றும் தெரியாது.

மண் கலங்காமல் இருக்கவும் மீன் கிளறாமல் இருக்கவும் மேலே ஓரிரு செ.மீ. கனத்துக்குக் கழுவிய சரளைக்கல் பரப்புங்கள். குருத்தைச் சுற்றிச் சிறிது இடம் விட்டே பரப்ப வேண்டும். பிறகு தொட்டி மண் முழுதும் ஊறும்வரை நீர் ஊற்றி, தொட்டியைச் சற்றுச் சாய்த்தவாறே குளத்தில் மெல்ல இறக்குங்கள். உள்ளே இருக்கும் காற்று குமிழியாக வெளியேறும். சடாரென்று அமிழ்த்தினால் அந்தக் காற்று மண்ணையும் கிழங்கையும் சேர்த்துத் தூக்கிவிடும்.

ஆழத்தை ஒரே நாளில் எட்ட வேண்டியதில்லை. முதலில் குருத்துக்கு மேலே 10 முதல் 15 செ.மீ. நீர் நிற்கும்படி செங்கல்லை அடுக்கி அதன்மீது தொட்டியை வையுங்கள். இலைகள் மேலே வந்து விரிந்தபின் செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்து இறக்குங்கள். சிறு ரகத்துக்கு 15 முதல் 25 செ.மீ., நடுத்தர ரகத்துக்கு 30 முதல் 45 செ.மீ. நீர் போதுமானது. பெரிய ரகங்கள் 60 செ.மீ. அல்லது அதற்கு மேலும் தாங்கும். நீரின் அளவுக்குக் காம்பு நீளும் என்பது சரிதான். ஆனால் ஆழம் கூடக் கூட நீட்டுவதற்கே செடியின் சேமிப்பு செலவாகும், கிழங்கைச் சுற்றியுள்ள நீரும் குளிர்ந்திருக்கும். பூக்கத் தயங்கும் செடியை ஒரு செங்கல் உயரம் தூக்கி வைத்துப் பார்ப்பது செலவில்லாத வைத்தியம்.

நட்டபின் பழைய இலைகள் மஞ்சளித்து மடிந்தால் பதற வேண்டாம். வேறு ஆழத்துக்கு வளர்ந்த காம்புகள் அவை. புதிய இலைகள் இந்தக் குளத்தின் அளவுக்கேற்ப வரும்.

உரம்

தொட்டிக்குள் அடைபட்ட கிழங்குக்கு அந்தச் சில லிட்டர் மண்தான் உலகம். அதில் உள்ள சத்து சீக்கிரம் தீர்ந்துவிடும். வெயில் நன்றாக விழுந்தும் பூக்காத அல்லிகளில் பெரும்பாலானவை பட்டினி கிடப்பவை என்பது என் உறுதியான எண்ணம். புது இலைகள் வரவரச் சிறுத்து வந்தால், வெளிறினால், பட்டினி என்று கொள்ளலாம்.

நீர்த்தாவரங்களுக்கென்றே விற்கும் உர வில்லைகளை வாங்குங்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் அதில் இருக்க வேண்டும். தழைச்சத்து மட்டும் மிகுந்த உரம் இலையைத்தான் பெருக்கும். எத்தனை வில்லை என்பதை உறையில் மண்ணின் அளவை வைத்துக் குறிப்பிட்டிருப்பார்கள். அதை மீற வேண்டாம். கிழங்கிலிருந்து சில செ.மீ. தள்ளி, விரலை மண்ணுக்குள் விட்டுக் குழி செய்து, வில்லையைத் தொட்டியின் பாதி ஆழத்துக்கு அழுத்தி, குழியை மண்ணால் மூடுங்கள். மூடாமல் விட்டால் உரம் நீரில் கரையும். அதைச் செடி உண்பதற்கு முன் பாசி உண்டுவிடும். நீரில் கரைக்கும் உரத்தையோ பொடி உரத்தையோ குளத்தில் தூவக் கூடாது என்பதும் இதனாலேயே.

நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸை ஒட்டி வந்து, புது இலைகள் வேகமாகக் கிளம்பும்போது முதல் வில்லையைக் கொடுங்கள். அதன்பின் வளர்காலம் முழுவதும் 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை. நீர் குளிரத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். புதிதாக நட்ட கிழங்குக்குச் சில இலைகள் விரிந்தபின் தொடங்கினால் போதும்.

மொட்டிலிருந்து பூ வரை

தெளிந்த நீரில் குனிந்து பார்த்தால் குருத்தைச் சுற்றி மேலே வந்துகொண்டிருப்பவை எவை என்று இனம் காணலாம். இலையானால் இரு ஓரமும் உள்நோக்கிச் சுருண்டு, கூர்மையாக, தட்டையாக வரும். மொட்டானால் உருண்டையாக, பட்டாணி அளவில் தொடங்கிக் காம்பின் நுனியில் தனியே நிற்கும். மொட்டைக் கண்டுவிட்டால் அந்தப் பக்கம் கை வைக்காதீர்கள்.

ஒரு பூ பொதுவாக 3 அல்லது 4 நாள் இருக்கும். முதல் நாள் விரிந்ததும் நடுவே எட்டிப் பாருங்கள். மகரந்தத் தாள்கள் நிமிர்ந்து நிற்க, மையத்துக் குழியில் தெளிந்த திரவம் தேங்கியிருக்கும். வேறு பூவில் புரண்டு வந்த பூச்சி இதில் விழுந்தால் அதன் மேலிருக்கும் மகரந்தம் திரவத்தில் கழுவப்பட்டு, சூல்முடிக்குப் போய்ச் சேரும். மறுநாள் அந்தத் திரவம் இருக்காது. தாள்கள் உள்நோக்கி வளைந்து, இப்போது இந்தப் பூவே மகரந்தம் தரும். கடைசியாக மூடிய பூவைக் காம்பு நீருக்குள் இழுத்துக்கொள்ளும். அல்லி வைத்திருப்பவர்கள் ஒரு பூவையாவது முதல் நாளிலிருந்து மூழ்கும் நாள் வரை தினமும் பார்க்க வேண்டும்.

முடிந்த பூவை உடனே எடுத்துவிடுவது நல்லது. நீரில் அழுகாது, சத்தும் காய்க்குப் போகாது. மொட்டும் முடிந்த பூவும் மூடியே இருப்பதால் குழப்பம் வரும். மொட்டு கெட்டியாக, கூராக, நிமிர்ந்து நிற்கும். முடிந்த பூ தொட்டால் தளர்ந்து, நீரில் பாதி அமிழ்ந்து, இதழ் நைந்திருக்கும். கையை நீருக்குள் விட்டுக் காம்பின் அடிவரை போய்க் கிள்ளுங்கள். மஞ்சளித்த இலைகளுக்கும் இதே முறை. நீர்ப்பரப்பில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை இலை மூடியிருந்தால் அளவு சரி. நீருக்கு நிழல் கிடைத்துப் பாசியும் அடங்கும். அதற்கு மேல் போனால் பழைய இலைகளைக் கழிக்கலாம்.

பூச்சிகளில் அடிக்கடி வருவது அசுவினி. இலை மீதும் மொட்டு மீதும் கறுப்புப் பொடி தூவியதுபோல் அப்பிக்கொள்ளும். குழாய் நீரை மென்மையாகப் பீய்ச்சி நீரில் தள்ளிவிட்டால் மீன்கள் தின்றுவிடும். பூச்சிக்கொல்லி வேண்டாம், மீனைக் கொன்றுவிடும். இலையை வெட்டி ஒட்டிக்கொள்ளும் புழுக்களைக் கையால் பொறுக்கலாம். தொட்டியைக் கிளறும் பெரிய கோய் மீன்கள் இருந்தால் சரளைக்கு மேல் கைப்பிடி அளவுக் கற்களை வைக்க வேண்டியிருக்கும்.

நெரிசலும் பிரித்து நடுதலும்

நன்றாகப் பூத்த செடி இரண்டு மூன்று ஆண்டுகளில் பூவைக் குறைக்கத் தொடங்கும். இலைகள் மிதக்க இடமின்றி நீருக்கு மேலே விறைத்து எழும்பும். கிழங்கு தொட்டி விளிம்பைத் தாண்டி வெளியே தலை நீட்டும். உரத்தால் இது தீராது. வளர்காலத் தொடக்கத்தில் தொட்டியை வெளியே எடுத்து, மண்ணை அலசி, பல கிளையாகப் பிரிந்திருக்கும் கிழங்கில் தடித்த குருத்துகளைத் தேர்ந்தெடுங்கள். குருத்தோடு சேர்த்து 10 முதல் 15 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, ஒரு தொட்டிக்கு ஒரு துண்டு வீதம் புது மண்ணில் முன்சொன்னபடி நடுங்கள். இரண்டு மூன்றைச் சேர்த்து நட்டால் அடுத்த ஆண்டே மீண்டும் நெரிசல்தான். மிஞ்சிய கிழங்குகளை வேண்டியவர்களுக்குக் கொடுங்கள். ஏரியிலோ ஆற்றிலோ போட்டுவிடாதீர்கள். அந்நிய அல்லி அங்கே படர்ந்து உள்ளூர்த் தாவரங்களை நெருக்கிவிடக்கூடும்.

உறைபனி விழும் இடங்களில் குளிர்காலத்தில் இலை எல்லாம் மடியும். மடிந்ததை அகற்றிவிட்டு, பனிக்கட்டி எட்டாத ஆழத்துக்குத் தொட்டியை இறக்கி வைத்தால் கிழங்கு அப்படியே உறங்கி, வெப்பம் ஏறும்போது துளிர்க்கும். குளிரே இல்லாத இடங்களில் செடி ஓய்வின்றி வளர்வதால் மண்ணின் சத்து முன்னதாகவே தீரும். பிரித்து நடும் வேளையும் விரைவில் வரும்.

இத்தனைக்குப் பிறகும் பூக்கவில்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள். முதலில் வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று அளந்து பாருங்கள்; கோடையில் இருந்த வெயில் மரம் வளர்ந்ததால் குறைந்திருக்கலாம். அடுத்து, கடைசியாக உரம் வைத்த நாளை நினைவுபடுத்துங்கள். பிறகு தொட்டியைத் தூக்கி, கிழங்குக்கு இடம் இருக்கிறதா, குருத்து வெளியே தெரிகிறதா, அழுகல் நாற்றம் வருகிறதா என்று பாருங்கள். ஆழமும் நீரின் அசைவும் அதற்குப் பின். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, 3 வாரமாவது பொறுத்திருங்கள். புதிதாக நட்ட கிழங்கானால் முதல் பருவம் முழுவதும் வேர் ஊன்றுவதிலேயே போகலாம், அது குறையல்ல. இரண்டாம் பருவத்தில், எல்லாம் சரியாக இருந்தும் மொட்டு வராவிட்டால், ரகம் அந்தக் குளத்துக்குப் பொருந்தவில்லை என்று வைத்துக்கொண்டு, அதே தொட்டியில் குரோமடெல்லாவையோ ஜேம்ஸ் பிரைடனையோ நட்டுவிடுங்கள்.